சூசானும் போலும்: பாரிசில் ஒரு கொலை வழக்கின் வரலாறு

பிரெஞ்சு மொழியில் 'ழான்ர்' என்னும் ஒரே சொல் இலக்கணப் பாலையும், ஒருவரின் பாலின அடையாளத்தையும், இலக்கிய வகைமையையும் குறிக்கும். 'மோவே', அதாவது 'கெட்ட' என்ற அடைமொழி அதன்முன் வந்தால், மதிப்புக் குறைந்த நடையுடை என்ற பழிப்பும் சேர்ந்துகொள்ளும். குளோயே குருஷோதே 2013 இல் வெளியிட்ட சித்திரப் புதினத்துக்கு 'மோவே ழான்ர்' என்று பெயரிட்டபோது இப்பொருள்கள் அனைத்தும் அத்தலைப்பில் அடங்கின. போர்க்களத்திலிருந்து தப்பி, பத்தாண்டுகள் பாரிசில் பெண்ணாக வாழ்ந்து, பின்னர் மனைவியின் கையாலேயே சுடப்பட்டு இறந்த போல் கிராப் என்பவரின் கதை அது. குற்றப் புனைகதைக்கென்றே கற்பித்தது போலத் தோன்றினும் இது நடந்த வழக்கு.

1891 இல் பிறந்த போல் கிராப், பாரிசுத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த லூயீஸ் லாந்தியை 1911 இல் மணந்தார். கட்டாய ராணுவப் பணியை அவர் முடிக்குமுன்பே 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. முதல் வாரங்களிலேயே காலில் காயமுற்று, தேறிக் களம் திரும்பியவருக்கு அடுத்துக் கைவிரலில் ஏற்பட்ட காயம், போரைத் தவிர்க்கத் தாமே செய்துகொண்டது என்ற ஐயத்துக்கு இடமளித்தது. பிரெஞ்சு ராணுவம் அப்போரில் ஒழுங்கு மீறியதற்காகவே 600க்கும் மேற்பட்ட தன் வீரர்களைச் சுட்டுக் கொன்றது. ஆகவே அந்த ஐயம் எத்துணை அச்சம் தந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1915 இல் அவர் படையைவிட்டு ஓடி மனைவியிடம் ஒளிந்தார்.

வயதுவந்த ஆண் எவரும் சீருடையின்றித் தெருவில் நடந்தாலே கேள்விக்கு உள்ளாகும் நகரமாகப் பாரிஸ் அப்போது இருந்தது. அறைக்குள் அடைபட்டிருக்க மாட்டாத போல், லூயீசின் துணையோடு பெண்ணுடை பூண்டு வெளியே வந்து, சூசான் லான்ட்கார் என்னும் பெயரை ஏற்றார். அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் ஒன்றாகக் குடியிருக்கும் இரு தோழியர். இதுவரை மாறுவேடம் என்ற சொல் பொருந்தும். ஆனால் போர் 1918 இல் முடிந்தபின்பும், தண்டனை அச்சம் நீங்காத நிலையில், சூசான் தொடர்ந்தார். தொடர்ந்ததோடு தமக்கென ஒரு வாழ்வையும் அமைத்துக்கொண்டார். பாரிசின் மேற்கெல்லையிலுள்ள பூலோன் காட்டில் அந்தி நேரச் சந்திப்புகளுக்குச் சென்றார். ஆண்களோடும் பெண்களோடும் உறவு கொண்டார். சில வேளை லூயீசையும் உடன் அழைத்தார். அச்சந்திப்புகளைக் குறித்தும் வைத்தார். வான்குடையில் குதிக்கத் துணிந்த முதல் பெண்களுள் ஒருவராகவும் பேசப்பட்டார். ஒளிந்து வாழ்பவர் எவரும் ஊரார் அண்ணாந்து பார்க்கும் இடத்திலிருந்து குதிப்பதில்லை. சூசான் வெறும் ஒளிவிடம் அல்லர் என்பதற்கு இதனினும் வலிய சான்று தேவையில்லை.

போல் பெண்ணுடையில் உலவிய அதே பிரான்சில், பெண் ஆணுடை அணிவது காவல்துறையின் கண்காணிப்புக்கு உட்பட்டிருந்தது. பாரிஸ் காவல் தலைமையகம் 1800 நவம்பரில் பிறப்பித்த ஆணைப்படி, ஆணுடை அணிய விரும்பும் பெண் மருத்துவச் சான்றோடு அனுமதி பெற வேண்டும்; 1892 இலும் 1909 இலும் வந்த சுற்றறிக்கைகள், மிதிவண்டியின் கைப்பிடியையோ குதிரையின் கடிவாளத்தையோ பிடித்திருக்கும் பெண் மட்டும் கால்சட்டை அணியலாம் என்று தளர்த்தின. இவ்வாணைக்கு இனிச் சட்ட வலு இல்லை என்று அரசு அறிவித்தது 2013 ஜனவரியில்தான். ஆணின் உடையைப் பெண் கவர்ந்துவிடுவாள் என்ற கவலை 1920களில் மேலும் பெருகிற்று: கூந்தலைக் குறுக வெட்டித் தன் விருப்பப்படி வாழும் பெண்ணை நாயகியாக்கிய 'லா கார்சோன்' என்ற 1922 ஆம் ஆண்டுப் புதினத்துக்காக, அதன் ஆசிரியர் விக்தோர் மார்கெரித்திடமிருந்து அரசின் உயர் விருதே பறிக்கப்பட்டது.

1925 ஜனவரியில் படையைவிட்டு ஓடியவர்களுக்குப் பொதுமன்னிப்பு வந்தது. சூசான் மறைந்து போல் மீண்டார். செய்தித்தாள்கள் அவரை வேடிக்கைப் பொருளாக்கின. அவ்வாண்டின் இறுதியில் மகன் பிறந்தான். மன்னிப்பு விடுதலையைத் தந்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு அது அழிவையே கொணர்ந்தது. நிலையான வேலையின்றிக் குடியில் மூழ்கிய போல், பழைய வாழ்வை மறக்க இயலாதவராய், மனைவியை அடித்து வதைத்தார். 1928 ஜூலை 21 அன்று லூயீஸ் அவரைச் சுட்டுக் கொன்று, தாமே காவலரிடம் சரணடைந்தார். வழக்கு விசாரணைக்கு வருமுன்பே சிறுவனும் நோயுற்று இறந்தான்.

1929 ஜனவரியில் வழக்கு, கொடுங்குற்றங்களை நடுவர் குழுவோடு விசாரிக்கும் 'அசீஸ்' நீதிமன்றத்துக்கு வந்தது. குழுவில் இருந்தோர் அனைவரும் ஆண்கள். பிரெஞ்சுப் பெண்கள் நடுவராக 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லூயீசுக்காக வாதிட்ட மொரிஸ் கார்சோன் பின்னாளில் பிரெஞ்சு அகாதெமியில் இடம்பெற்ற புகழ்மிக்க வழக்கறிஞர். பிரெஞ்சு நடுவர் குழுக்கள் உணர்ச்சி மேலீட்டால் நேர்ந்த கொலைகளில் இரக்கம் காட்டுவது வழக்கமே: அமைச்சர் ஒருவரின் மனைவியான ஆன்ரியெத் கையோ, 'ஃபிகாரோ' நாளிதழின் ஆசிரியரைச் சுட்டுக் கொன்றும் 1914 ஜூலையில் விடுதலையானார். எனினும் இவ்வழக்கில் வாதத்தின் பெருஞ்சுமையைத் தாங்கியது கொல்லப்பட்டவரின் நடத்தைதான். படையைவிட்டு ஓடியவர், குடிகாரர், பெண்ணுடை தரித்தவர் என்ற மூன்றும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. லூயீஸ் விடுதலையானார்.

அடிபட்ட பெண் தண்டனையின்றி மீண்டதில் நியாயம் உண்டு. ஆயினும் அடித்த கையின் குற்றத்தோடு அணிந்த உடையையும் குற்றமாக்கிய முறையில் நியாயம் இல்லை. போலின் கொடுமை உண்மை; சூசானின் வாழ்வு அக்கொடுமைக்குக் காரணம் என்பது நிறுவப்படாத பழி. பாலின மாற்றத்தைப் பிறப்புப் பதிவில் ஏற்க மறுத்ததற்காக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரான்சைக் கண்டித்தது 1992 இல். அப்பதிவு மாற்றத்துக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்ற நிபந்தனையைச் சட்டம் நீக்கியது 2016 இல். 1929 இன் நடுவர்களிடம் சூசானின் வாழ்வைக் குறிக்கும் சொல்லே இல்லை என்று கூறலாம். இன்றைய சொற்களைச் சூசான்மேல் சுமத்துவதும் முறையன்று, ஏனெனில் அவர் தம்மை எவ்வாறு கருதினார் என்பது உறுதியாகவில்லை. தமிழில் 'அவர்' என்று எழுதி இருபாலையும் மதிப்போடு சுட்டிவிடலாம். பிரெஞ்சில் பெயரடைகூடப் பெரும்பாலும் ஆண்பாலா பெண்பாலா என்று காட்டியாக வேண்டும். எனவே இக்கதையை எழுதும் பிரெஞ்சு ஆசிரியர் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு தீர்ப்பு வழங்கும் நிலையில் இருக்கிறார்.

மறந்துபோன இவ்வழக்கை, கார்சோனின் ஆவணக் கட்டுகளிலிருந்து மீட்டு 2011 இல் நூலாக்கியவர்கள் ஃபப்ரிஸ் விர்ழிலி, தனியேல் வொல்தமான் என்ற இரு வரலாற்றாசிரியர்கள். குருஷோதேயின் சித்திரப் புதினமும், 2017 இல் அந்த்ரே தெஷினே இயக்கிய 'நோ ஆனே ஃபோல்' திரைப்படமும் அந்நூலிலிருந்து கிளைத்தவை. கொலைக்கதைக்குரிய விறுவிறுப்பு இவ்விரு படைப்புகளிலும் உண்டு. ஆனால் லூயீசின் துயரத்தையும் சூசானின் வாழ்வையும் ஒன்றுக்காக மற்றொன்றைப் பலியிடாமல் அருகருகே வைத்த நேர்மையில், அந்த வரலாற்று நூலே இவ்வழக்கில் இதுவரை வந்த தீர்ப்புகளுள் செம்மையானது.