ஆகஸ்ட் 16: புதுவைக்கு மட்டும் ஒரு லீவு



சுதந்திர தினத்துக்கு மறுநாள் காலண்டர் தாளைக் கிழித்தால், மற்ற ஊர்க்காரர்களுக்கு அது சாதாரணத் தேதி. ஆடி முடிந்து ஆவணி பிறக்கும் நேரம். 1886இல் ராமகிருஷ்ண பரமஹம்சர் மறைந்தது இந்த நாளில். 2018இல் வாஜ்பாய் காலமானதும் இந்த நாளில்தான். நம் கிறிஸ்தவ அன்பர்களுக்கு இது ஆரோக்கியநாதர் திருநாள்.

புதுச்சேரியில் இன்னொன்றும் உண்டு: அரசு விடுமுறை. நான் குமாஸ்தாவாக இருந்தபோது, அடுத்தடுத்து இரண்டு நாள் லீவு கிடைக்கிறதே என்றுதான் எல்லாருக்கும் சந்தோஷம். "எதுக்கு சார் லீவு?" என்று புதிதாகச் சேர்ந்த பையன்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்று 170 பேர். வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் 1ஆம் தேதி, திங்கட்கிழமை, பிரெஞ்சுக் கொடி இறங்கியது. நம் கொடி ஏறியது. ஆனால் அன்று கைமாறியது நிர்வாகம் மட்டும்தான். சட்டப்படி ஊரை ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28ஆம் தேதி டெல்லியில் கையெழுத்தானது. அதற்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். அங்கேயோ அல்ஜீரியப் போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு மண்ணை விட்டுக்கொடுத்தால் இன்னொன்றையும் கேட்பார்கள் என்ற பயம். 1962 மார்ச்சில் போர் ஓய்ந்த பிறகே நம் கட்டு அவிழ்ந்தது. 1962 ஆகஸ்ட் 16, வியாழக்கிழமை, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

ஆக, நவம்பர் 1 முதல் அந்த வியாழக்கிழமை வரை ஏறக்குறைய எட்டு வருஷம் ஒரு விசித்திர வாழ்க்கை. தபால்தலை இந்தியாவுடையது, போலீஸ் இந்தியாவுடையது. ஆனால் என் அப்பா சட்டப்படி பிரெஞ்சுப் பிரஜை. நானும்தான்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். 16ஆம் தேதி எங்கள் தெருவில் எதுவும் மாறியதாக நினைவில்லை. மாறியது காகிதத்தில். ஒப்பந்தத்தின் குடியுரிமைப் பகுதியை உத்தியோகத்துக்கு வந்தபிறகுதான் முழுசாகப் படித்தேன். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் அன்றைக்கு இந்தியர் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதைத்தான் 'ஒப்சியோன்' என்பார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே, கல்யாணம் ஆகாத பிள்ளைகளுக்கு அப்பாவின் முடிவே முடிவு. இங்கே பிறந்து இந்தியாவுக்கு வெளியே, வேறு நாட்டில் இருந்தவர்களுக்கோ நேர் எதிர்: அவர்கள் எதுவும் செய்யாவிட்டால் பிரெஞ்சுக்காரர்களாகவே இருப்பார்கள்.

என் பெரியப்பா அப்போது சைகோனில் இருந்தார். அப்பா இங்கே. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வீட்டில் பிறந்தவர்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போடவில்லை. அதனால் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது. "வாங்க, போய்ப் போட்டுட்டு வந்துடுவோம்." அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடியே, "நான் எங்கே போகப் போறேன்? கப்பல் ஏறுறவங்களுக்குத்தானே அது?" என்றார். ஊரில் நிறைய பேர் அப்படித்தான் நினைத்தார்கள். கையெழுத்துப் போட்டாலும் இங்கேயே இருக்கலாம் என்பது அப்பாவுக்குத் தெரியாது. 1963 பிப்ரவரியில் ஆறு மாதக் கெடு முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சாகும்வரை அதே தெருவில்தான் இருந்தார். அவர் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பாரிஸ் போனார்கள்.

பிற்பாடு அப்பா இதைப் பற்றிப் பேசியதே இல்லை. பெரியப்பா குடும்பம் பிரான்சில் குடியேறிய செய்தி கடிதத்தில் வந்தபோது, படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அதனால் பிறப்புப் பதிவு நகல்களைத் தூக்கிக்கொண்டு பலரும் என் மேஜைக்கு வருவார்கள். "சார், எங்க தாத்தா போட்டாரான்னு பாருங்க" என்பார்கள். தாத்தா எந்த வருஷம் பிறந்தார், கொள்ளுத்தாத்தா என்ன தொழில் செய்தார் என்றெல்லாம் படித்துச் சொல்லலாம். கெடு தாண்டிப் போனதை நான் எப்படி மாற்ற முடியும்? சிலர் தாத்தாவைத் திட்டிவிட்டுப் போவார்கள். அப்போதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணைதான் கண்ணில் நிற்கும். அவர்களுடைய தாத்தாவும் ஏதோ ஒரு திண்ணையில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். கையெழுத்துப் போடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

எனக்குக் குறையில்லை. இந்திய அரசு உத்தியோகம் கொடுத்தது, பென்ஷன் கொடுக்கிறது, பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்கள். பெரியப்பா பிள்ளைகளுக்குப் புதுவை இப்போது சுற்றுலா வரும் ஊர். யார் பெற்றார், யார் இழந்தார் என்று கணக்குப் பார்க்க இந்த வயதில் ஆசையில்லை.

கீழூர் நினைவிடத்தில் ஆண்டுதோறும் இந்த நாளில் கொடி ஏற்றுகிறார்கள். முடிந்தால் பேரப்பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். 1962இல் உங்கள் வீட்டில் யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் போடவில்லை, ஏன் என்று, தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். காரணம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.