ஆர் என்ற ஓரெழுத்து

உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் களமருதூர் என்ற ஊர்ப்பெயரைப் பிரித்தால் களம், மருது, ஊர் என்று மூன்றும் கையில் வந்து நிற்கும். அந்த வட்டார வானத்தில் பறக்கும் விமானங்களின் பயணத்திட்டத் தாள்களில் புழங்கும் ‘ஆர்நாவ்’ அப்படிப் பிரிந்து கொடுக்காது. ‘நாவ்’ என்பது நாவிகேஷன், வழிச்செலுத்தல். விரித்துச் சொல்லும்போது ‘ஏரியா நாவிகேஷன்’ என்கிறார்கள். ஏரியாவின் முதலெழுத்து ‘ஏ’ அல்லவா? ‘ஆர்’ எங்கிருந்து வந்தது?

‘ரேண்டம்’ என்ற சொல்லிலிருந்து. 1960களில் அமெரிக்காவில் இந்த முறை உருவானபோது ரேண்டம் நாவிகேஷன் என்றே பேசினார்கள். அதுவரை தரையிலுள்ள ஒரு வானொலி நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு என்றுதான் விமானம் போகும். நிலையத்தை எங்கே நட்டார்களோ அங்கே பாதை வளையும். புதிய முறையில் விமானத்துக் கணினி, நிலையங்களின் தூரத்தையும் திசையையும் கொண்டு தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொண்டது. எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் நேரே போகலாம் என்றானது. சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள். அது உளுந்தூர்பேட்டையை உரசிக்கொண்டு போகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று அங்கே உண்டு. ஆனால் ஆர்நாவ் விமானம் அந்தக் கோட்டில் பறக்க, கோட்டுக்குக் கீழே எதுவும் இருக்கவேண்டிய அவசியமில்லை. ரேண்டம் என்றதன் பொருள் இதுதான்.

பின்னால் அதிகாரபூர்வ விளக்கத்தில் ‘ஏரியா’ உட்கார்ந்துவிட்டது. கண்டபடி என்று பொருள்படும் சொல்லைக் கட்டுப்பாட்டு அறையில் யார்தான் விரும்புவார்கள்? எழுத்து மட்டும் இடம் பெயரவில்லை.

வேடிக்கை இதற்கு மேல்தான். வான்பாதைகளின் பெயரிலும் ஓர் ஆர் உண்டு. பழைய பாதைகளுக்கு ஆம்பர், புளூ, கிரீன், ரெட் என்று நிறங்களை வைத்தே பெயரிட்டார்கள். அந்த நான்கின் முதலெழுத்துகள் இன்றும் பன்னாட்டுப் பாதைகளுக்கு முன்னால் நிற்கின்றன. அவை ஆர்நாவ் அல்லாத பாதைகளுக்கு உரியவை. ஆர்நாவ் பாதை என்றால் எல், எம், என், பி. உள்நாட்டில் கியூ, டி, ஒய், இசட். ஆக, பாதைப் பெயரில் ஆர் வந்தால் அது ஆர்நாவ் இல்லை!

பயணத்திட்டப் படிவத்தின் 10ஆம் கட்டத்தில் கருவிகளை எழுத வேண்டும். அங்கேயும் ஓர் ஆர். முன்பு அதற்கு ‘ஆர்என்பி வகைச் சான்று உண்டு’ என்று பொருள். ஆர்என்பி என்பது ‘ரிக்வயர்டு நாவிகேஷன் பெர்ஃபார்மன்ஸ்’, வேண்டிய வழிச்செலுத்தல் திறன்; அதிலுள்ள ஆர் ‘ரிக்வயர்டு’. அது ரேண்டமும் அல்ல, ஏரியாவும் அல்ல. 2012 நவம்பர் 15 அன்று உலகம் முழுவதும் படிவம் மாறியபோது அந்த எழுத்துக்கு ‘பிபிஎன் அனுமதி உண்டு’ என்று புதுப் பொருள் கொடுத்தார்கள். பிபிஎன் என்பது செயல்திறன் சார்ந்த வழிச்செலுத்தல்; அந்தச் சுருக்கப் பெயரில் ஆர் இல்லவே இல்லை. பழைய பழக்கத்தில் கட்டத்தை நிரப்புகிறவர் சறுக்கக்கூடிய இடம் இது.

ஆர்நாவுக்கும் ஆர்என்பிக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். இரண்டிலும் பின்னால் வரும் எண் கடல்மைல் கணக்கில் துல்லியம்: ஆர்நாவ் 5 என்றால் பறக்கும் நேரத்தில் 95 விழுக்காடாவது பாதையிலிருந்து 5 கடல்மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த எல்லைக்குள் இருக்கிறோமா என்று விமானமே கண்காணித்து, பிசகினால் விமானியை எச்சரிக்க வேண்டும் என்றால் அது ஆர்என்பி. இந்தக் கண்காணிப்பைக் கேட்காத பெருங்கடல் விதி ஒன்று மட்டும் ஆர்என்பி 10 என்ற பழைய பெயரிலேயே அழைக்கப்படுகிறது. பல நாடுகளின் அனுமதித் தாள்களில் ஏறிவிட்ட பெயரை மாற்ற முடியாமல், ஆர்நாவ் 10 (ஆர்என்பி 10) என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள். படிவத்தில் அதன் குறி ஏ1.

அதனால் படிவம் நிரப்புகிறவர்கள் பெயரை நம்பாமல் குறியைப் பாருங்கள். 10ஆம் கட்டத்தில் ஆர் போட்டால், 18ஆம் கட்டத்தில் பிபிஎன் என்று எழுதி எந்தெந்தத் தகுதி என்று குறியிட்டே ஆக வேண்டும்; எட்டுக் குறிகள் வரை இடமுண்டு. அங்கே பி2 போட்டால் அது செயற்கைக்கோள் வழி ஆர்நாவ் 5; 10ஆம் கட்டத்தில் ஜி என்ற எழுத்தும் இருந்தாக வேண்டும்.