பஞ்சமி உட்கார்ந்த பெஞ்சு

வருகிற ஜூனில் என் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். காலையில் திருவனந்தபுரம் கரமனை ரோட்டில் தனியார் பள்ளி பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஊருட்டம்பலம் பள்ளியின் பழைய கதைதான் நினைவுக்கு வருகிறது.

கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் 1817-இல் ஆணையிட்டார். அந்த ஆணை, தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட புலையர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வாசலைத் திறந்துவிடவில்லை. வெங்ஙானூரில் புலையர் தலைவர் அய்யன்காளி 1904-இல் சொந்தமாகவே ஒரு பள்ளி தொடங்கினார், அதை ஆதிக்கச் சாதியினர் கொளுத்திவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவரை வயலில் இறங்க மாட்டோம் என்று அவர் தலைமையில் புலையர் உழைப்பாளிகள் வேலையை நிறுத்தினார்கள். கூலிக்காக அல்ல, ஒன்றாம் வகுப்புக்காகப் பட்டினி கிடந்தவர்கள் அவர்கள். இதைவிடப் பெரிய பெற்றோர் பாசம் எனக்குத் தெரியாது.

1910-களில் பஞ்சமி என்ற சிறுமியைக் கூட்டிக்கொண்டு அய்யன்காளி ஊருட்டம்பலம் பள்ளிக்குப் போனார். அவள் வகுப்பில் உட்கார்ந்ததற்காகப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். பாதி கருகிய பெஞ்சு ஒன்றை அங்கே இன்றும் பாதுகாக்கிறார்கள். 2022-இல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டது.

சிபிஎஸ்இயா, மாநிலப் பாடத்திட்டமா என்றுதான் இன்று பள்ளி தேடும் எல்லோரும் விசாரிக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளின் முதல் வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கு என்கிறது. அந்த இடங்களில் யார் படிக்கிறார்கள் என்று பள்ளி அலுவலகத்தில் கேட்ட பிறகே படிவத்தை நிரப்பப் போகிறேன்.