கிள்ளான் துறைமுகமும் அதை ஆக்கிய கைகளும்

துறைமுகம் ஒரு நாட்டின் வாய் போன்றது. அதன் வழியே எது உட்புகுந்தது, எது வெளியே சென்றது என்று அறிந்தால், அந்நாட்டு மக்கள் வாழ்ந்த நிலை ஒருவாறு விளங்கும். கிள்ளான் துறைமுகத்தின் சரித்திரம் கூறுவோர் பெரும்பாலும் அதிகாரிகளின் பெயரையும் கப்பல்களின் கணக்கையும் சொல்லி நிறுத்திவிடுகின்றனர். அத்துறையை ஆக்கிய கைகள் யாருடையவை, அக்கைகளுக்கு அது தந்த கூலி யாது என்பதை நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கோலாலம்பூரைச் சுற்றி வெட்டியெடுத்த ஈயம் முன்னாளில் மாட்டு வண்டியிலும் படகிலுமாகக் கடலை நோக்கி ஊர்ந்தது. 1886-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை இருப்புப் பாதை திறக்கப்பட்டது. 1890-இல் ஆற்றின் குறுக்கே கன்னாட் பாலம் அமைந்த பின் புகைவண்டி கிள்ளான் பட்டணத்தையே எட்டிற்று. எனினும் கிள்ளான் கடலோரத்தில் இல்லை. ஆற்றின் உள்ளே பல மைல் தள்ளியிருந்தது. பெருங்கப்பல்கள் அவ்விடம் வர இயலாமையால், ஆற்று முகத்தில், அலையாத்திக் காடும் சேறுமாய்க் கிடந்த கரையில், புதிய துறை அமைக்கத் துணிந்தனர். 1899-இல் இருப்புப் பாதை அங்கு நீண்டது. 1901 செப்டம்பர் 15-இல் துறைமுகம் திறக்கப்பட்டு, சுவெட்டன்ஹாம் துரையின் பெயரைப் பெற்றது.

திறந்த சில வாரங்களுக்குள் மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரையும் ரயில்வே உத்தியோகஸ்தரையும் ஒருங்கே வீழ்த்திற்று. துறையையே மூடவேண்டிய நிலை வந்தது. கொசுவே இந்நோயைப் பரப்புவது என்பதற்கான சான்றை 1897-இல் இந்தியாவில் ரொனால்ட் ராஸ் என்னும் வைத்தியர் கண்டறிந்திருந்தார். அவ்வுண்மையைக் கிள்ளான் ஜில்லா வைத்தியர் மால்கம் வாட்சன் செயலாக்கினார். காடு வெட்டப்பட்டது; சதுப்பு நீர் வடிக்கப்பட்டது; கடல் நீர் புகாதபடி கரை கட்டப்பட்டது. கிள்ளானிலும் துறைமுகத்திலுமாக 1901-இல் காய்ச்சலால் மாண்டோர் 368 பேர். 1902-இல் 59 பேர். 1903-இல் 46 பேர். விதி என்றும் தெய்வ கோபம் என்றும் எண்ணப்பட்ட சாவு, வாய்க்கால் வெட்டியவுடன் குறைந்துவிட்டது. பகுத்தறிவுக்கு இதனினும் சிறந்த சாட்சி வேறென்ன வேண்டும்?

ஆனால் துறைமுகத்துக்கு ஓராண்டில் வந்த அவ்வாய்க்கால் தோட்டத்து லயங்களுக்கு அத்துணை விரைவில் வரவில்லை. தோட்டத் தொழிலாளரின் சுகாதாரப் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் 1911-இல்தான் பிறந்தது. காரணம் வெளிப்படை. கப்பல் நின்றால் வர்த்தகம் நிற்கும். கூலியாள் ஒருவன் இறந்தால் கங்காணி இன்னொருவனை அழைத்து வருவான் என்பதே அக்காலத்துக் கணக்கு.

அவ்வாறு அழைத்து வருவதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் செலுத்திய வரியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தும் கங்காணி முறை தொடர்ந்தது. நாகையிலும் சென்னையிலும் கப்பலேறியோர் துறைமுகத்தில் இறங்கி, தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் தங்கி, தோட்டங்களுக்குப் பகிர்ந்தனுப்பப்பட்டனர். ஒரே துறையில் மனிதர் இறங்கினர். கித்தாப் பாளங்கள் ஏறின. கித்தா டயர் ஆனது மேனாட்டு ஆலைகளில். ஈயமும் சிங்கப்பூரைச் சேர்ந்த பூலாவ் பிரானியில் 1890 முதல் உருக்கப்பட்டது. மூலப்பொருள் இவ்விடத்தது, அதைப் பண்டமாக்கும் தொழிலும் அத்தொழிலின் பெருலாபமும் வேறிடத்தன.

1938-இல் இந்திய சர்க்கார் உதவிக் குடியேற்றத்தைத் தடுத்தது. புதிய ஆள் வாராமற்போகவே, இருக்கும் ஆளின் குரலுக்கு மதிப்பு உண்டாயிற்று. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் வேலைநிறுத்தம் மூண்டது. முன்னின்றவர்களுள் ஒருவர் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன். சீனத் தொழிலாளருக்கு ஒப்பான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றை அவர்கள் கேட்டனர். மற்றொன்றும் கேட்டனர்: துரைமாரையும் கிராணிமாரையும் கண்டவுடன் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது அது. காலைப் பிரட்டில் பெயரெழுதும் கிராணித் தொழிலினராகிய நாம் இக்கோரிக்கையைப் பன்முறை நினைத்தல் வேண்டும். காசு கேட்டவர்கள் மானத்தையும் உடன் கேட்டனர். சர்க்கார் நாதனைச் சிறைப்படுத்தி நாடு கடத்திற்று. பட்டாளம் சுட்டதில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

யுத்தத்துக்குப் பின் காலம் மாறிற்று. 1963-இல் துறைமுகம் ரயில்வே நிர்வாகத்தினின்று பிரிந்து தனி அதிகாரத்தின் கீழ் வந்தது. 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்னும் பெயர் பூண்டது. 1973-இல் கொள்கலத் தளம் திறந்தது. பல தோள்கள் சுமந்ததைப் பாரந்தூக்கி ஒன்று சுமக்கத் தலைப்பட்டது. 2023-இல் அத்துறை கையாண்டது 1 கோடியே 40 இலட்சம் கொள்கல அளவு. தோட்டங்களிலும் கித்தா போய்ச் செம்பனை வந்தது. பின்னர்த் தோட்டங்களே ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் இடமாயின. சுங்கை ரெங்கம் தோட்டப் பகுதியில் ஷா ஆலம் நகர் எழுந்தது. 1985-இல் அங்குப் புரோட்டோன் மோட்டார்த் தொழிற்சாலையும் வந்தது.

நிலம் கைமாறியபோது லயத்தை விட்டவர்கள் எங்குச் சென்றனர்? அதற்கு விடை பழைய கிள்ளான் சாலையை அடுத்த கம்போங் மேடான் போன்ற இடங்களில் கிடைக்கும். தோட்டம் இழந்த தமிழரும், கிராமம் விட்ட மலாய்க்காரரும், இந்தோனேசியாவினின்று வந்தோரும் ஒட்டுக் குடிசைகளில் நெருங்கி வாழ்ந்தனர். 2001 மார்ச்சு மாதம் அங்கு மூண்ட கலவரத்தில் ஆறு பேர் உயிர் துறந்தனர். அதை இனப்பகை என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுவோர், அந்நெருக்கடியை உண்டாக்கிய வறுமையையும் வீடின்மையையும் காணாதவராவர்.

சதுப்பு தானே உண்டாயிருக்கலாம். அதை வடிக்காமல் விடுவது மனிதர் செயல். 1901-இல் சுகாதாரத்துக்குப் பொருந்திய இவ்வுண்மை, இன்று கல்விக்கும் வீட்டுக்கும் கூலிக்கும் பொருந்தும். தோளின் பலத்தை நம்பித் துறைமுகம் நம்மவரை அழைத்த காலம் கழிந்தது. இயந்திரத்தை ஆளக் கற்றவனையே அது இனி அழைக்கும். ஆதலின் தோட்டத்திலும் பட்டணத்திலும் உள்ள பெற்றோர் தம் ஆண்மக்களையும் பெண்மக்களையும் தொழிற்கல்விக்கு அனுப்புவாராக. படித்த நம் போன்றோர் அதற்குரிய விண்ணப்பங்களை எழுதித் தரவும், தொழிற்சங்கங்களில் தோளோடு தோள் நிற்கவும் முன்வருவோமாக. அன்று சைக்கிளைவிட்டு இறங்க மறுத்தவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.