பதினைந்து கட்டைப் புதிரின் வரலாறு

மன்னர்தம் போர்களை ஆராயும் வரலாற்று மாணவன், சிறுவர் கையிலுள்ள விளையாட்டுப் பொருளையும் புறக்கணித்தலாகாது. சதுரப் பெட்டியொன்றில் எண்ணிட்ட பதினைந்து கட்டைகளை வைத்து, எஞ்சிய ஒரு வெற்றிடத்தின் துணையால் அவற்றை நகர்த்தி வரிசைப்படுத்தும் புதிர், இன்று கணனித் திரையில் விலையின்றிக் கிடைக்கின்றது. சைமன் ற்றதம் என்பார் இலவசமாக வழங்கும் புதிர்த் தொகுதியிலும் அஃது இடம்பெற்றுள்ளது. அதனை முதன்முதல் ஆக்கியவர் யாவர்?

சாம் லொயிட் என்னும் அமெரிக்கப் புதிராசிரியர், 1891 முதல் 1911 இல் இறக்கும்வரை, அதனை ஆக்கியவர் தாமே என உரிமை பாராட்டினார். பின்வந்த நூலாசிரியர் பலர் அக்கூற்றை ஆராயாதே ஏற்றனர். 2006 இல் ஜெரி சுலோக்கம், டிக் சொன்னவெல்ட் ஆகிய இருவரும் வெளியிட்ட நூல் அது பொய்யென நிறுவிற்று. அவர்கள் காட்டும் சான்றுகளின்படி, ஆக்கியவர் நியூயோர்க் மாநிலத்துக் கனஸ்தோட்டா என்னும் ஊரின் தபாலதிபர் நோயஸ் சாப்மன் ஆவர். அவர் ஆக்கிய புதிர் காட்போட் நகரில் செவிப்புலனற்றோர் பாடசாலை மாணவர் கைவண்ணமாகி, 1879 இன் இறுதியில் பொஸ்ரன் நகரில் விற்பனைக்கு வந்தது. 1880 இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதன் மயக்கத்தில் ஆழ்ந்தன. அவ்வாண்டு சாப்மன் உரிமைப் பத்திரம் வேண்டி விண்ணப்பித்தார். 1878 இல் வேறொருவருக்கு வழங்கப்பட்ட பத்திரத்தினின்றும் அது போதிய அளவு வேறுபடவில்லையென மறுக்கப்பட்டது. அங்ஙனம் உரிமையும் புகழும் அவரைச் சேராதொழிந்தன.

லொயிட், 14, 15 ஆகிய இரண்டும் மட்டும் இடம்மாறியிருக்கும் நிலையைச் சீர்செய்வார்க்கு ஆயிரம் டொலர் பரிசு அறிவித்தார். அப்பரிசை எவரும் பெறவியலாது. ஜோன்சன், ஸ்ரோரி என்னும் கணித அறிஞர் 1879 இலேயே அதனை நிறுவியிருந்தனர். ஒவ்வொரு நகர்வும் கட்டையொன்றையும் வெற்றிடத்தையும் இடம்மாற்றுகின்றது. வெற்றிடம் தன் மூலைக்கு மீளவேண்டின் நகர்வுகளின் தொகை இரட்டையாதல் வேண்டும். இரு கட்டைகளை மட்டும் மாற்றுதற்கோ ஒற்றைத் தொகை வேண்டும். ஆகவே இயலக்கூடிய வரிசைகளிற் சரிபாதியே தீர்வுக்குரியன.

கணனிக்கு இவ்விளையாட்டை ஆக்குவோரும் இந்நியதிக்குக் கட்டுப்பட்டவரே. கட்டைகளை மனம்போனவாறு கலைத்துவிடின், இரண்டில் ஒன்று தீராப் புதிராய் முடியும். எனவே வரிசையைச் சோதித்தே தருதல் வேண்டும். கணிதத்தின் சோதனையைப் பொய் கடக்கவியலாது. வரலாற்றிலோ சான்றை நாடுவோர் தோன்றுங்காறும் உரத்த குரலே உண்மையென நிலைத்துவிடுகின்றது. திரையில் இக்கட்டைகளை நகர்த்தும் மாணவர் கனஸ்தோட்டாத் தபாலதிபரின் பெயரையும் நினைவுகூர்தல் தகும்.