திண்டுக்கல் வட்டாரத் திருச்சபைகளும் மருத்துவத் தொண்டும்

பழனிக்கு மேற்கே அமைந்த நெய்க்காரப்பட்டி முதல் கிழக்கே திண்டுக்கல் வரையுள்ள சிற்றூர்களில் உழவரே மிகுதி. இவ்வட்டாரத்தில் கிறித்தவத் திருச்சபையினர் ஆற்றிய மருத்துவத் தொண்டினை ஆராயுங்கால் ஒரு வினா எழுகின்றது. அத்தொண்டு சமயம் பரப்பும் கருவியோ? அன்றித் தனித்து நிற்கும் அறமோ? இதனை ஈண்டு நோக்குவாம்.

நோயாளர்க்கு நிலையம் அமைத்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பெற்ற திருமுக்கூடல் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைக் குறிக்கின்றது. ஆயின் அது கல்விச்சாலை மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியதாக அமைந்தது. ஊரார் அனைவர்க்கும் வாயில் திறந்த மருத்துவமனையோ பிற்காலத்தது.

1834இல் யாழ்ப்பாணத்தினின்று வந்த அமெரிக்கத் தொண்டர்கள் மதுரையில் பணி தொடங்கினர். திண்டுக்கல்லும் விரைவில் அவர்தம் நிலையங்களுள் ஒன்றாயிற்று. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எட்வர்டு செஸ்டர் என்பார் அங்கு மருத்துவத் தொண்டு புரிந்தார். சமயப் பரப்பலும் மருத்துவமும் அந்நாளில் ஒருங்கே நடந்தன என்பதை மறுத்தற்கில்லை. 1876–78ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தையொட்டி நெல்லைப் பகுதியில் பல்லாயிரவர் திருச்சபை சேர்ந்ததை ஐயுறுவோர் சான்று காட்டுவர். உதவியின்பின் மதமாற்றம் நிகழ்ந்தது என்பதை அஃது உணர்த்தும். மதமாற்றத்தின்பொருட்டே உதவி அளிக்கப்பெற்றது என்பதை அஃதொன்றே நிறுவாது.

இவ்விடத்து ஒட்டன்சத்திரம் நமக்குத் துணைசெய்கின்றது. 1955இல் மருத்துவர் ஏ. கே. தரியன் தலைமையில் இந்தியக் கிறித்தவக் குழுவினர் அங்குக் கிறித்தவ ஐக்கிய மருத்துவமனையை நிறுவினர். அயல்நாட்டு மிஷன் அதனைத் தோற்றுவிக்கவில்லை. 1921இல் ஜேசுதாசன், பாரஸ்டர் பேட்டன் ஆகிய மருத்துவர் இருவர் திருப்பத்தூரில் அமைத்த கிறிஸ்துகுல ஆசிரமத்தைப் போன்று, மக்களோடு வாழ்ந்து பணிசெய்தலே இதன் நெறியாயிற்று. சிகிச்சையோடு செவிலியர் பயிற்சியும் சிற்றூர் நலப்பணியும் வளர்ந்தன. சூழவுள்ள ஊர்களில் பெரும்பாலோர் இன்றும் இந்துக்களே. எனவே, சமயம் மாறுதல் மருந்துக்கு விலையாக அமையவில்லை என்பது தெளிவு.

தொண்டரின் உள்ளக் கிடக்கையை வரலாற்றாசிரியன் அளந்தறிதல் அரிது. தொண்டு யார்க்குக் கிட்டியது, எந்த நிபந்தனையோடு கிட்டியது என்பவற்றையோ அறிய இயலும். அவ்வளவைகொண்டு நோக்கின், சமய ஆர்வத்திற் பிறந்த இப்பணி காலப்போக்கில் எல்லார்க்கும் பொதுவான அறமாக வளர்ந்தமை புலனாகும். பழியும் புகழும் இவ்வேறுபாடு அறிந்தே கூறத்தக்கன.