காவலூர் வரை வந்த டெல்டா

அகலமே இல்லாத ஒளிப்புள்ளியை எழுதக் கணிதத்தில் டெல்டா சார்பு இருக்கிறது. ஓரிடத்தில் முடிவிலி, மற்ற இடமெல்லாம் சுழியம், மொத்தப் பரப்பு 1. கல்லூரிப் பாடத்தில் பலரும் பார்த்ததுதான். அது ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் விண்ணாய்வகத்துக்கு ஏறிய வழி நீளமானது.

நெப்போலியனோடு எகிப்து போய்த் திரும்பிய ஃபூரியர், வெப்பம் பரவுவதை அலைகளாகப் பிரிக்கலாம் என்று 1807இல் பாரிசில் சொன்னார். கணிதர் லக்ராஞ்ச் ஏற்கவில்லை. நூல் வர 1822 ஆயிற்று. ஆனால் லாபம் பெரிது: அப்படி அலைகளாக உருமாற்றிவிட்டால் வகையிடல் வெறும் பெருக்கலாகிறது, வகைக்கெழுச் சமன்பாடு சாதாரண இயற்கணிதமாகிவிடுகிறது.

தந்தி வேலையில் இருந்த ஆலிவர் ஹெவிசைட் பல்கலைக்கழகம் போனதில்லை. கம்பியில் மின்துடிப்பு ஓடுவதைக் கணக்கிட அவரும் இப்படியொரு குறுக்குவழி கண்டார். நிரூபணம் எங்கே என்று கேட்டு, 1894இல் அவருடைய கட்டுரையை ராயல் சொசைட்டி அச்சிட மறுத்தது. பொறியாளர்கள் காத்திருக்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். பிரிஸ்டலில் மின்பொறியியல் படித்த டிராக், 1920களில் டெல்டாவைக் குவாண்டம் இயற்பியலுக்குள் கொண்டுவந்தார்.

இப்படி ஒரு சார்பே கிடையாது என்றார்கள் கணிதர்கள், சரியான ஆட்சேபம். ரஷ்யக் கணிதர் சோபொலெவ் 1930களில் பாதி வழி திறந்தார். 1944 இறுதியில் பாரிசில் லோரான் ஷ்வார்ட்ஸ் கேள்வியையே மாற்றினார்: அதன் மதிப்பு என்ன என்று கேட்காதீர்கள், வழவழப்பான சார்புகளின் மேல் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். இப்படிப் பொதுமைப்படுத்திய சார்புகளுக்கும் ஃபூரியர் உருமாற்றம் கிடைத்தது. டெல்டாவை உருமாற்றினால் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவு. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

1950இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற ஷ்வார்ட்ஸ், 1955 வாக்கில் பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் பாடம் நடத்தினார். குறிப்பெடுத்தவர் எம்.எஸ். நரசிம்மன். பழைய வடஆர்க்காட்டுத் தண்டரையில் பிறந்தவர். ஜவ்வாது மலையும் அதே மாவட்டம். பிறகு பிரான்சு போய், ஜப்பானியக் கணிதர் கொடாகேயுடன் சேர்ந்து நீள்வட்ட வகைச் சமன்பாடுகளில் 1962இல் ஒரு தேற்றம் தந்தார்.

அந்த ஜவ்வாது மலையில், காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கியால் கோட்பாட்டளவில் 0.05 விகலை வரை பிரித்தறிய முடியும். அலையும் காற்று அதை 1 விகலைக்கும் மேலாகக் கலைத்துவிடும். 1970இல் பிரெஞ்சு வானியலாளர் லாபெய்ரி சொன்ன மருந்து: மில்லி விநாடிப் படங்களாக எடு, ஒவ்வொன்றையும் ஃபூரியர் உருமாற்று, அவற்றின் வர்க்க அளவுகளைச் சராசரியாக்கு. 1990களில் சாகா என்ற வானியலாளரின் குழுவினர் காவலூரில் இதைச் செய்தார்கள். அந்தச் சராசரியைப் பக்கத்துத் தனி விண்மீனின் விடையால் வகுத்தால், நோக்கிய விண்மீன் டெல்டா போல ஒற்றைப் புள்ளியாயின் தட்டையாக வரும். நெருங்கிய இரட்டையாயின் வரிவரியாக வரும். வரிகளின் இடைவெளியிலிருந்து இரண்டுக்கும் உள்ள தொலைவைப் படித்துவிடலாம்.